சக்கரத்தின் மேல் ஒரு வீடு



"கேரவன்" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது எது? சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் தெருவில் நிற்கும் நீண்ட வண்டிதான். நடிகர்கள் அதனுள்ளே ஓய்வெடுப்பார்கள். வெளியே கூட்டம் காத்து நிற்கும். ஆனால் உலகின் பல நாடுகளில் கேரவன் என்பது சாதாரணக் குடும்பங்கள் சுற்றுலா செல்லும் வண்டியாகும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் அதற்குள்ளேயே இருக்கும். ஆற்றங்கரைப் பூங்காவில் அதை நிறுத்தி இரண்டு மூன்று நாட்கள் தங்குவார்கள். விடுதி தேட வேண்டாம். மூட்டை முடிச்சுகளை ஊருக்கு ஊர் அவிழ்த்துக் கட்டவும் வேண்டாம். போகும் இடமெல்லாம் வீடும் கூடவே வரும்.

இத்தகைய பயணம் பணக்காரருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். சென்ற காலாண்டு விடுமுறையில் எங்கள் தெருவிலுள்ள மூன்று குடும்பத்தார், பதினான்கு பேர், ஒரு வாடகை வேனையே வீடாக்கிக்கொண்டு காவிரிக் கரைக்கும் பூண்டி மாதா திருத்தலத்துக்கும் சென்று வந்தோம். அப்பயணத்தில் கண்டவற்றையும் நூல்களில் படித்தவற்றையும் சேர்த்து, ஆற்றங்கரையில் தங்கும் கலையைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

கேரவன் என்றால் என்ன?

கேரவன் என்பது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். ஆதியில் அது வண்டியைக் குறிக்கவில்லை. பாலைவனத்தைக் கடக்கும் வணிகர்கள் கள்வருக்கும் தாகத்துக்கும் அஞ்சி, ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்வார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் கேரவன் என்று பெயர். நம் தமிழிலும் இதற்கு ஓர் அழகிய சொல் உண்டு. வணிகக் கூட்டத்தைச் "சாத்து" என்றனர் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம் அன்றோ? பெரிய சாத்துக்குத் தலைவன் என்பதே அப்பெயரின் பொருள்.

ஆகவே கேரவன் என்ற சொல்லில் முதலில் இருந்தது சேர்ந்து போகும் மனிதர்கள். வண்டி பின்னால் வந்தது. இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

சக்கர வீடு பிறந்த கதை

இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவனாகக் கருதப்படுவது 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவானது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் பிரிஸ்டல் நகரில் அதைச் செய்யச் சொன்னார். "வாண்டரர்", அதாவது "அலைந்து திரிபவன்" என்று அதற்குப் பெயரிட்டார். இரண்டு குதிரைகள் அதை இழுத்தன. தம் நாயையும் கிளியையும்கூட ஏற்றிக்கொண்டு அவர் ஸ்காட்லாந்து வரை சென்றார். 1907-இல் இங்கிலாந்தில் கேரவன் பிரியர்களுக்கென ஒரு சங்கமே தோன்றியது. 1910-இல் அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்னும் மோட்டார் கம்பெனி, உட்காரும் இருக்கையே படுக்கையாக மாறும் வண்டியைக் காட்சிக்கு வைத்தது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் "கேரவன் கேரளா" என்ற சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமண் மலையில் அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது.

ஆனால் நம் நாட்டில் சக்கர வீடு புதியதா? இல்லை. கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள்! வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் ஜமக்காளம் விரித்து, பின்புறம் பாத்திரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, நம் கொள்ளுப்பாட்டிமார் திருவிழாவுக்குப் போனார்கள். ஆடிப் பெருக்கன்று காவிரிக் கரையில் வண்டிகளை அவிழ்த்துவிட்டு, சித்திரான்னங்களைப் பகிர்ந்து உண்டார்கள். மாடுகளுக்கும் நிழல், மக்களுக்கும் நிழல்!

நம் புளியந்தோப்பின் ஓரத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அதுதான் பக்கிங்காம் கால்வாய். இன்று அதன் அருகே செல்லும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதன் வழியாகச் சென்னைக்கு வந்தன. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் அக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றதைக் கவிதையாகவே பாடியிருக்கிறார். நாம் முகம் சுளிக்கும் நீரில் ஒரு கவிஞர் தோழர்களோடு உல்லாசமாகப் போயிருக்கிறார் என்பது வியப்பாக இல்லையா?

இன்று வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் செல்லும் வேன்களே நம்மவரின் கேரவன்கள். மேலே பாத்திர மூட்டை, உள்ளே பாயும் தலையணையும், முன்கண்ணாடியில் மாதா படம்! காயப்போட்ட துணி ஜன்னலில் பறக்க, திருப்பாடல்கள் ஒலிக்க, அவை நெடுஞ்சாலையில் செல்வதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

வேன் வீடான விதம்

பள்ளியில் சாரணியர் இயக்கத்தில் கற்ற முதல் பாடம் "தயாராயிரு" என்பதாகும். அதன்படி, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பதினான்கு பேரையும் நான்கு அணிகளாகப் பிரித்தோம். நீர் அணி, உணவு அணி, படுக்கை அணி, துப்புரவு அணி. ஆறு வயதுத் தம்பிக்குக்கூட வேலை உண்டு. குப்பைப் பை அவன் பொறுப்பு. எங்கள் ஆயா உணவு அணிக்குத் தலைவி. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

குடிநீருக்காக இருபது லிட்டர் கேன்கள் மூன்று எடுத்துக்கொண்டோம். வேனின் கடைசி இருக்கைக்குக் கீழே அவற்றைக் கயிற்றால் கட்டினோம். கனமான பொருள் கீழே இருந்தால்தான் வண்டி வளைவுகளில் தள்ளாடாது. மேலே மூட்டை அதிகமானால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும் என்று இயற்பியல் பாடத்தில் படித்தது இங்கே உதவியது. பாய், போர்வை, கொசுவலை போன்ற இலேசான பொருள்கள் மட்டுமே மேலே சென்றன. முதலுதவிப் பெட்டி, டார்ச் விளக்கு, ஒரு விசில், முப்பது அடி நீளமுள்ள தடித்த கயிறு ஆகியவை கதவருகே இருந்தன. அவசரத்தில் தேடும் பொருளைச் சாமான்களின் அடியில் வைக்கக் கூடாது.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளியந்தோப்பு என்றாலே புளிய மரங்களின் தோப்பு என்று பொருள். மரங்கள் போய்விட்டன, ஆனால் எங்கள் பயணத்தில் புளிச்சோறு முதலிடம் பெற்றது! கட்டுச்சோற்றுக்குப் புளிச்சோறு ஏன் ஏற்றது தெரியுமா? புளியில் டார்டாரிக் அமிலம் உள்ளது. அமிலத்தன்மையில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. உப்பும், நன்றாகக் காய்ந்த நல்லெண்ணெயும் அதற்குத் துணை செய்கின்றன. சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூடாக மூடினால் ஆவி நீராகிச் சோறு சீக்கிரம் கெட்டுவிடும். தயிர்ச்சோற்றுக்கு ஆயா ஒரு வழி வைத்திருக்கிறார். குழைந்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டுமே சேர்ப்பார். காலையில் கட்டியது மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். இட்லிகளுக்கு இருபுறமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டோம்.

வண்டிக்குள் இருக்கும் இரண்டு ஆபத்துகள்

சக்கர வீட்டில் சமைப்பதும் உறங்குவதும் கல் வீட்டைப் போன்றதன்று. இங்கே இரண்டு செய்திகளை அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, சமையல் எரிவாயு. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு தங்கும். சிறிய வேனுக்குள் அது குளம்போல் நிறைந்துவிடும். ஒரு தீப்பொறி போதும். ஆகையால் அடுப்பை வண்டிக்குள் ஏற்றக் கூடாது. அனுமதி உள்ள இடத்தில், வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில்தான் சமைக்க வேண்டும்.

மற்றொன்று கார்பன் மோனாக்சைடு. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். உறங்குபவர் விழிக்கவே மாட்டார். 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனில் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று கண்டறியப்பட்டது. எனவே குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் உறங்கக் கூடாது. நாங்கள் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஜன்னல்களில் கொசுவலையைக் கட்டினோம். புழுக்கமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, காலையில் எல்லாரும் எழுந்தோம்!

முக்கொம்பில் காவிரி

இனி ஆற்றுக்கு வருவோம். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு உள்ளது. அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடே செல்கிறது, வடகிளை கொள்ளிடம். இரண்டுக்கும் இடையில் திருவரங்கம் தீவாக அமைந்துள்ளது. கொள்ளிடம் தாழ்வானதாகையால் ஒரு காலத்தில் நீரெல்லாம் அதன் வழியே ஓடி, தஞ்சை வயல்களுக்குப் போகும் காவிரி வறண்டு வந்தது. 1830-களில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி இக்குறையைத் தீர்த்தார். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் நின்ற அவ்வணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் உடைந்து விழுந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

அணையை ஒட்டி நிழல் மரங்கள் அடர்ந்த பூங்கா இருக்கிறது. நாங்கள் காலையில் அங்கே சேர்ந்தோம். மரத்தடியில் ஜமக்காளம் விரித்து இட்லியைப் பிரித்தபோது, அகன்ற நீர்ப்பரப்பைத் தொட்டு வந்த காற்று முகத்தில் பட்டது. கடலைத் தினமும் பார்க்கும் வடசென்னைக்காரர்களான எங்களுக்கும் அது புதுமையாக இருந்தது. கடல் ஓயாமல் இரைகிறது. ஆறோ சத்தமே இல்லாமல் நகர்கிறது. ஒரு மரக்கிளை மிதந்து போவதைப் பார்த்தபோதுதான் அதன் வேகம் புரிந்தது. நாங்கள் இலையைப் பிரித்து முடிப்பதற்குள் கிளை கண்ணுக்கு மறைந்துவிட்டது!

ஆறு ஏன் ஏமாற்றுகிறது?

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோடு விளையாடியவர்களும் ஆற்றில் ஏமாந்து போகிறார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, நீரின் தன்மை. கடல் நீரில் உப்பு இருப்பதால் அது அடர்த்தி மிகுந்தது; உடலைச் சற்றே தாங்கும். ஆற்று நீர் அந்த அளவுக்குத் தாங்காது.

இரண்டாவது, ஓட்டத்தின் விசை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம் கால்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீர்தானே என்று நிற்கிறோம். வேகம் கூடினால் அதுவே வளர்ந்த மனிதரையும் சாய்த்துவிடும்.

மூன்றாவது, மணல். ஆற்றின் அடித்தளம் சமமானதன்று. மணல் அள்ளப்பட்ட இடங்களிலும், நீர் சுழன்று அரித்த இடங்களிலும் பள்ளங்கள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும். இடுப்பளவு நீரில் நின்றவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் நீரில் இருப்பார். கரையேற முயன்றால் பிடிமானமே இல்லாமல் மணல் மேலும் மேலும் சரியும்.

நான்காவது, மேலிருந்து வரும் நீர். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் ஆற்றின் நீர் நம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கே திறக்கப்படும் நீர் இரண்டு மூன்று நாட்களில் முக்கொம்பையும் கல்லணையையும் அடைகிறது. இடையிலுள்ள கதவணைகளைத் திறந்தாலும் மட்டம் உயரும். காலையில் மணல் திட்டாக இருந்த இடம் மாலையில் ஆறாக இருக்கக்கூடும். ஆகவே மணல் திட்டில் கூடாரம் அடிப்பதும், ஆற்றுப் படுகையில் வண்டியை நிறுத்துவதும் அறியாமை. உயர்ந்த கரையில்தான் தங்க வேண்டும். சங்கொலி கேட்டால் உடனே மேலேற வேண்டும்.

"ஆழமறியாமல் காலை விடாதே" என்ற பழமொழியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆயினும் கண்ணீர்க் கதைகள் தொடர்கின்றன. 2022 அக்டோபர் 3 அன்று, தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து பேருந்தில் வந்த திருப்பயணிகளில் ஆறு பேர் பூண்டி மாதா திருத்தலத்துக்கு அருகே கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தனர். மாதாவைத் தரிசிக்க நம்மைப் போலவே ஆவலோடு வந்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 15 அன்று, விளையாட்டுப் போட்டிக்காகச் சென்ற புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவியர் நால்வர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி உயிரிழந்தனர். தோழியரே, அவர்களும் நம்மைப் போன்ற சிறுமியரே. அவர்களுடைய புத்தகப் பைகள் வீட்டில் காத்திருந்திருக்கும். இவற்றை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

சேலையின் வலிமை

ஒருவர் தண்ணீரில் தத்தளிக்கும்போது நீந்தத் தெரியாதவர் பாய்ந்து குதிப்பதால்தான் ஒரு மரணம் பல மரணங்களாகிறது. தத்தளிப்பவர் அருகில் வருபவரை இறுகப் பற்றிக்கொள்வார், இருவரும் மூழ்குவர். எனவே கரையில் நின்றபடியே உதவ வேண்டும். நீளமான கழியை நீட்டலாம். கயிற்றை வீசலாம். மூடிய காலிக் குடத்தையோ காலித் தண்ணீர்க் கேனையோ எறியலாம். காற்று நிறைந்த கேன் ஒருவரை மிதக்க வைக்கும். அதோடு உரத்த குரலில் உதவிக்கு அழைக்க வேண்டும். 108-க்குப் பேச வேண்டும்.

இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே உண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கத் தொடங்கினர். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவள்ளி என்னும் மூன்று பெண்கள் கணமும் தயங்காமல் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து நீரில் வீசினார்கள். அவற்றைப் பற்றிக்கொண்டு இருவர் உயிர் பிழைத்தனர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழக அரசு அம்மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. மானத்தைவிட உயிர் பெரிது என்று அந்த நொடியில் முடிவு செய்த அவர்களுடைய துணிவை என்னவென்று புகழ்வது! நம் பள்ளிச் சீருடையிலுள்ள துப்பட்டாவும் உயிர் காக்கும் கயிறாகும் என்பதை நினைவில் வைப்போம்.

பதினான்கு என்ற எண்

நாங்கள் ஆற்றில் இறங்கவில்லை. குளியலைத் தங்குமிடத்துக் குழாயடியிலேயே வைத்துக்கொள்வது என்று பெரியவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஆனாலும் எங்கள் சாரணியர் ஆசிரியை சொல்லித்தந்த முறையைப் பின்பற்றினோம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒவ்வொருவருக்கும் ஓர் இணை. விசில் ஒலித்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவர் எண்ணைக் கூற வேண்டும். ஆயாவுக்கும் ஆறு வயதுத் தம்பிக்கும் இணை.

பிற்பகலில் விசில் ஒலித்தது. எண்ணிக்கை பன்னிரண்டில் நின்றது. சிரித்துக்கொண்டிருந்த அனைவரும் ஒரே கணத்தில் அமைதியானோம். எவர் இல்லை என்பதும், இருவரும் சேர்ந்தே இருப்பார்கள் என்பதும் எண்களிலிருந்தே தெரிந்ததால் வீண் கூச்சல் இல்லை. மூவர் ஆற்றங்கரைப் பக்கம், மூவர் வாயில் பக்கம் ஓடினோம். இரண்டு நிமிடங்களுக்குள் கண்டுபிடித்துவிட்டோம். படித்துறையில், நீருக்கு இரண்டு படிகள் மேலே, ஆயா தம்பியின் சட்டையைக் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு நின்றார். எண்ணெய் பட்ட கையைக் கழுவ அவன் ஓடியிருக்கிறான். அவர் அவனை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார். விசில் சத்தம் அவர் காதில் விழவில்லை.

"ஆத்தாண்ட போவாதடான்னா கேக்க மாட்டேங்கிறான். அதான் இவன வுட்டுட்டு நான் எங்கயும் நவுரல" என்றார் ஆயா. அத்தை தம்பியை வாரி அணைத்துக்கொண்டு அழுதேவிட்டார். பிடித்த கை ஒன்று இருந்ததால் எங்கள் பயணம் பயணமாகவே முடிந்தது.

அன்று எனக்கு விவிலியத்தின் தோபித்து நூல் நினைவுக்கு வந்தது. இளைஞன் தோபியா நீண்ட பயணம் புறப்படுகிறான். வழித்துணையாக வரும் இரபேல் ஒரு வானதூதர் என்பது அவனுக்குத் தெரியாது. முதல் நாள் இரவு அவர்கள் தங்குவது திக்ரீசு ஆற்றங்கரையில்தான்! ஆற்றில் கால் கழுவ இறங்கும் தோபியாவின் மேல் ஒரு பெரிய மீன் பாய்கிறது. என்ன செய்ய வேண்டுமென்று அருகிலிருந்து சொல்லிக் காப்பாற்றுகிறார் துணைவர். ஆறு கால் கழுவும் இடமாகவும் இருக்கிறது, ஆபத்தின் இடமாகவும் இருக்கிறது. அருகில் நிற்பவர் யார் என்பதே பெரிது.

ஆற்றுக்கு நாம் விட்டு வருவது என்ன?

மாலையில் புறப்படும் முன் துப்புரவு அணி வேலையைத் தொடங்கியது. எச்சில் இலைகளையும், காகிதங்களையும், பிளாஸ்டிக் உறைகளையும் பொறுக்கி இரண்டு பைகளில் கட்டினோம். பாத்திரம் கழுவிய நீரை ஆற்றில் ஊற்றாமல் தொலைவிலிருந்த மண்ணில் ஊற்றினோம். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை நம் வீட்டுக் குழாயில் இருக்கிறது!

ஆம், முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் அணைக்கரை என்னும் கீழணையை அடைகிறது. அங்கிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்குச் செல்கிறது. வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே சென்னைக்குக் குடிநீர் வருகிறது. ஆகவே கொள்ளிடத்தில் ஒருவர் எறியும் அழுக்கு சென்னைக்கு அந்நியமானதன்று. ஆற்றை அசுத்தமாக்குவது தன் குடத்தில் தானே துப்புவதற்கு ஒப்பாகும்.

குப்பை நிறைந்தால் நீரோட்டம் என்னவாகும் என்பதைப் புளியந்தோப்பு மாணவியருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஓட்டேரி நல்லா நம் பகுதியைக் கடந்துதான் பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. குப்பையும் சேறும் அடைத்துக்கொண்டால் மழைநீர் போக வழியின்றித் தெருவில் நிற்கும். பின்பு வீட்டுக்குள் நுழையும். கட்டிலின் மேல் பள்ளிப் புத்தகங்களை அடுக்கிவைத்துவிட்டு விடிய விடிய விழித்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நல்லாவும் ஒரு காலத்தில் ஓடையாகத்தான் இருந்தது. காவிரி அப்படி ஆகிவிடக் கூடாது என்றால், அங்கே செல்லும் ஒவ்வொரு வேனும் தன் குப்பையைத் தானே திரும்ப ஏற்றிவர வேண்டும்.

பூண்டியில் ஓர் இரவு

அன்றிரவு பூண்டி மாதா திருத்தலத்தில் வேனை நிறுத்தினோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இவ்வூரில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பியவர் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர். 1999-இல் இவ்வாலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அங்கே பல ஊர்களிலிருந்து வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். ஒவ்வொன்றும் ஒரு வீடு. பக்கத்து வேன்காரர்கள் எங்களிடம் தீப்பெட்டி கேட்டார்கள். பதிலுக்குச் சுண்டல் தந்தார்கள். சாதி, ஊர், மொழி எதையும் யாரும் கேட்கவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து ஜெபமாலை சொன்னோம். கொள்ளிடத்தில் மாண்ட அந்த ஆறு பேருக்காகவும், மாயனூரில் மாண்ட நான்கு சகோதரியருக்காகவும் ஒரு பத்து மணியை ஒப்புக்கொடுத்தோம். பெண்களும் பிள்ளைகளும் வேனில் உறங்க, ஆண்கள் வெளியே பாய் விரித்துப் படுத்தார்கள். படுக்கும் முன் கடைசியாக எண்ணிப் பார்த்தோம். பதினான்கு!

தோழியரே, விடுமுறையில் நீங்களும் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குச் செல்வீர்கள். கட்டாயம் செல்லுங்கள்! வகுப்பறையில் படிக்கும் நிலவியலும் இயற்பியலும் வரலாறும் அங்கே கண்முன் நிற்கின்றன. பெற்றோர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். வேன் பேசும்போது இருக்கை எத்தனை, குளிர்சாதனம் உண்டா என்று கேட்கிறீர்கள். அதோடு கயிறு இருக்கிறதா, காலிக் கேன் இருக்கிறதா, யாருக்கு யார் இணை என்பதையும் கேட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். நம் பள்ளியில் நீச்சல் குளம் இல்லை. ஆனால் கயிறு வீசக் கற்பதற்குக் குளம் தேவையில்லை. விளையாட்டு மைதானமே போதும். சாரணியர் வகுப்பில் நாங்கள் அதை வாரந்தோறும் பழகி வருகிறோம். விரும்பும் தோழியர் எந்த வகுப்பினராயினும் வெள்ளிக்கிழமை மாலை மைதானத்துக்கு வரலாம்.

இறைவன் நம் பயணங்களை ஆசீர்வதிப்பாராக! வழித்துணையாம் பூண்டி மாதா நம்மைக் காப்பாராக!

பத்தாம் வகுப்பு மாணவி, புளியந்தோப்பு